சுழியோடியின் தோள்வலி எங்கிருந்து வருகிறது?

கொழும்புக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்க, கடல் அமைதியான நவம்பர் முதல் ஏப்ரல் வரை வள்ளங்கள் போகும். சில கப்பல்கள் 30 மீற்றர் ஆழத்தில். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுவதால், மேற்பரப்பில் உள்ள ஒன்றையும் சேர்த்து, அங்கே சுழியோடி 4 வளிமண்டல அமுக்கத்தில் இருப்பார். சிலிண்டர்க் காற்றும் அதே அமுக்கத்தில்தான் நுரையீரலுக்குள் போகிறது. ஒக்சிசனை உடல் செலவழித்துவிடும். காற்றில் 78 சதவீதமான நைதரசனுக்கு அங்கே வேலையில்லை. இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

வினை வருவது ஏறும்போது. மெதுவாக ஏறினால் நைதரசன் மூச்சோடு வெளியேறும். விரைந்து ஏறினால் உள்ளேயே குமிழியாகும். இதுதான் அமுக்கத்தளர்வு நோய் (decompression sickness). இரத்தம் நைதரசனைச் சில நிமிடங்களில் இறக்கிவிடும், கொழுப்புக்கோ மணிக்கணக்காகும். நீரைவிடக் கொழுப்பில் நைதரசன் ஏறத்தாழ 5 மடங்கு கரையும். முண்ணாணின் நரம்புகளுக்குக் கொழுப்பு மிகுந்த உறை இருப்பது இங்கேதான் வினையாகிறது: கால் மரத்துப்போகும், சிறுநீர் அடைக்கும். தோள், முழங்கை மூட்டுகளில் ஆழமான வலி, தோலில் செந்நீலத் திட்டுகள், தலைச்சுற்று, மூச்சுத் திணறல் ஆகியவையும் வரலாம். குமிழி குழாயை அடைப்பதோடு நிற்பதில்லை. குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி இரத்தத்தை உறையவைக்கும், திரவத்தை வெளியே கசியவிடும்.

பெரும்பாலும் 6 மணித்தியாலத்துக்குள் அறிகுறி தெரியும். சிலிண்டர் தூக்கிய வலி என்று இரண்டு வலிமாத்திரை போடுவதுதான் பெரிய ஆபத்து. வலி அடங்கும், குமிழி அடங்காது. மறுபடி கடலில் இறங்கிச் சரிசெய்யப் பார்ப்பது அதைவிட மோசம். படுக்கவைத்து, முகமூடியால் 100 சதவீத ஒக்சிசன் கொடுக்கவேண்டும். முழு நினைவோடு இருந்தால் தண்ணீரும் கொடுக்கலாம். வலி குறைந்தாலும் அமுக்க அறைச் சிகிச்சை பற்றி மருத்துவரே முடிவெடுக்கவேண்டும். அந்த அறையில் 18 மீற்றர் ஆழத்துக்கு நிகரான அமுக்கத்தில் குமிழி சுருங்கும். ஒக்சிசன் நைதரசனை வெளியே இழுக்கும். வழக்கமான ஒரு சுற்று 5 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு.

தடுப்பது எளிது. 30 மீற்றரில் 20 நிமிடத்துக்கு மேல் தங்கக்கூடாது. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்கவேண்டும். இதையெல்லாம் செய்தவருக்கும் எப்போதாவது இந்த நோய் வருவதுண்டு.

கொழும்பில் பலர் தவறுவது கரைக்கு வந்தபின். காலையில் சுழியோடிவிட்டு மாலையே கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவார்கள். விமானத்துக்குள் அமுக்கம் ஏறத்தாழ 2,000 மீற்றர் மலையில் இருப்பதுபோலக் குறையும். ஒருமுறை இறங்கியிருந்தால் 12 மணித்தியாலம், பலமுறையென்றால் 18 மணித்தியாலமாவது பொறுக்கவேண்டும். அன்றே வான் வண்டியில் நுவரெலியா போவதும் இதே கணக்குத்தான். அது 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.