முக்கால் அங்குலக் கணக்கில் நிற்கும் மரச்சுவர்

அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்டங்களால் ஆனவை. சுவருக்குள் நிற்கும் சட்டத்தை 'ஸ்டட்' என்பார்கள். கடையில் அதன் பெயர் 'டூ பை ஃபோர்'. அளந்தால் இருப்பதோ 1½ அங்குலமும் 3½ அங்குலமும்தான். அறுத்து உலர்த்தி இழைத்ததில் மீதி போய்விடுகிறது.

ஸ்டட்களை மையத்துக்கு மையம் 16 அங்குல இடைவெளியில் நிறுத்துவது வழக்கம். சுவரில் அறையும் பலகை 4 அடிக்கு 8 அடி. 48, 96 இரண்டுமே 16-ஆல் மிச்சமின்றி வகுபடுவதால், பலகையின் விளிம்பு எப்போதும் ஒரு ஸ்டட்டின் நடுவில் விழும். அடுத்தடுத்த பலகைகளுக்கு ஆளுக்கு முக்கால் அங்குலம் ஆணி அடிக்க இடம் கிடைக்கும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். டேப்பை மூலையில் மாட்டி, 16-இல் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டட்டை வைத்துவிடுவார்கள். அப்போது மையம் 16¾-க்கு நகர்ந்துவிடும். நான்கு அடி தாண்டியதும் பலகை விளிம்பு ஸ்டட்டைத் தொட்டு நிற்குமே தவிர, ஆணி பிடிக்க மரம் இருக்காது. முதல் கோட்டை 15¼-இல் போட்டு, அதிலிருந்து பதினாறு பதினாறாக அளந்து போனால் சரியாக வரும்.

உயரத்திலும் இதே சூட்சுமம். ஸ்டட் 92⅝ அங்குலத்துக்கு அறுத்தே விற்பனைக்கு வருகிறது. கீழே ஒன்று, மேலே இரண்டு எனப் படுக்கைச் சட்டங்கள் 4½ அங்குலம் சேர்க்க, சுவர் 97⅛ ஆகிறது. கூரைக்கு அரை அங்குல ஜிப்சம் பலகை, சுவரில் 4 அடிப் பலகை படுக்கைவாக்கில் இரண்டு. தரையோரம் ⅝ அங்குலம் மிஞ்சும். அதை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

சுவரைத் தரையில் படுக்கவைத்துத்தான் கோர்ப்பார்கள். ஒவ்வொரு ஸ்டட்டையும் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, வளைவின் புடைப்பு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் வருமாறு வைக்க வேண்டும். மாறி மாறி வைத்தால் சுவர் அலையடிக்கும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று பார்த்த பிறகே வெளிப்பலகை அறைய வேண்டும்; அறைந்தபின் கோணலை நிமிர்த்த முடியாது. ஜன்னல், கதவுக்கு மேலே லிண்டல்; அதைத் தாங்க இருபுறமும் குட்டை ஸ்டட், அதை ஒட்டி முழு ஸ்டட்.

1830-களில் சிகாகோவில் பரவிய 'பலூன்' முறையில் ஸ்டட்கள் அடித்தளம் முதல் கூரை வரை ஒரே நீளம். ஸ்டட்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம் தீக்குப் புகைபோக்கியாகிவிடும். இப்போது மாடிக்கு மாடி தனித்தனியாக அடுக்குவதால் படுக்கைச் சட்டங்களே அந்த வழியை அடைத்துவிடுகின்றன.

ஆனால் மரம் நீளவாக்கில் சுருங்குவது அற்பம், குறுக்குவாக்கில்தான் அதிகம். உலர்ந்தது என முத்திரையிட்ட சட்டத்திலும் 19% வரை ஈரம் இருக்கலாம். அது காயும்போது படுக்கைச் சட்டங்களும் தளச் சட்டங்களும் மெலிந்து வீடு சற்றே இறங்கும். வெளியே செங்கல் முகப்பு இருந்தால் அது இறங்காது. அதனால் மாடி ஜன்னலின் அடிக்கட்டைக்கும் செங்கலுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் ஜன்னல் செங்கலில் முட்டி நெம்பிக்கொள்ளும்.