ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் நாட்டின் பெயர்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபையரோ வாங்க வருபவர்களில் பலர் முதலில் அதைத் திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்றுதான் பார்க்கிறார்கள். ஜப்பான் என்றால் முகம் மலரும். சைனா என்றால் பேரம் தொடங்கிவிடும். அந்த ஒரு வரியை வைத்து ஒலியின் தரத்தைச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆலையில் எவ்வளவு பிசகை அனுமதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே தரம் அமைகிறது.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் கீழ் ஸ்தாயியை ஒலிக்கும் வூஃபரைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். காந்தத்தின் நடுவே வட்டமாக ஒரு குறுகலான இடுக்கு. அதற்குள் வாய்ஸ் காயில் என்கிற கம்பிச் சுருள். மின்னோட்டம் மாற மாறக் காயில் முன்னும் பின்னும் நகரும், அதில் ஒட்டியிருக்கும் கூம்பு வடிவக் கோன் காற்றைத் தள்ளும். காயிலின் இரு பக்கமும் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பசை காய்வதற்குள் காயில் லேசாகச் சாய்ந்தாலும் போதும், சத்தம் கூடும்போது கரகரவென்று உரசும். பசை ஒரு சொட்டு கூடினால் கோனின் எடை கூடும். கோனின் கனம், காந்தத்தின் பலம் எல்லாமே பீஸுக்குப் பீஸ் கொஞ்சம் வேறுபடும். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வூஃபர்களை யாராலும் செய்ய முடியாது.

கிராஸ்ஓவரிலும் இதே கதைதான். கீழ் ஸ்தாயியை வூஃபருக்கும் மேல் ஸ்தாயியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது இதன் வேலை. மிக எளிய வகை கிராஸ்ஓவரில், 2500 ஹெர்ட்ஸில் ட்வீட்டருக்கு வழிவிட வேண்டிய கெபாசிட்டர் என்ற மின் உதிரிபாகத்தின் மதிப்பு 10 சதவீதம் கூடிவிட்டால், அந்த எல்லை சுமார் 2270 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இரண்டு பெட்டியிலும் ஒரே அளவு இறங்கினால் பெரிதாகத் தெரியாது. இடது பெட்டியில் மட்டும் இறங்கினால்தான் சிக்கல். இதை நீங்களே கடையில் சோதிக்கலாம். மோனோவில், அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும்படி, பதிவான ஒருவர் பாடும் பாட்டைப் போடச் சொல்லி, இரண்டு பெட்டிகளுக்கும் சரிநடுவில் உட்காருங்கள். பாடகர் நட்ட நடுவில் நிற்பது போலக் கேட்க வேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் ஒரு பக்கமாக நகர்ந்தால், அந்த ஜோடி பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அக்கறையுள்ள ஆலையில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கடைசியில் அடியிலிருந்து உச்சி வரை எல்லா அலைவரிசையிலும் ஒலிக்கவிட்டு, மாதிரிப் பீஸோடு ஒப்பிடுவார்கள். பிசகு அனுமதித்த எல்லையைத் தாண்டினால் கழித்துவிடுவார்கள். எல்லையைச் சுருக்கினால் கழிவு கூடும், செலவும் கூடும். சீனாவின் ஷென்ஜெனில் இருக்கும் ஒரே ஆலை, ஒரு கம்பெனிக்குக் கறாரான எல்லையிலும் இன்னொன்றுக்குத் தாராளமான எல்லையிலும் செய்து தர முடியும். கேட்பவர் கொடுக்கும் காசைப் பொறுத்தது. நாட்டின் பங்கு இந்த இடத்தில்தான் வருகிறது: கூலி, பழகிய கைகள், உதிரிபாகம் பக்கத்திலேயே கிடைக்கும் வசதி. 1961-ல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய கெஃப் கம்பெனியின் எல்எஸ்50 ஸ்பீக்கர் அங்கே வடிவமைக்கப்பட்டு, சீனாவில் செய்யப்பட்டது. விமர்சகர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

அப்புறம், நாட்டின் பெயர் சொல்லும் அந்த வரி, பாகங்களைக் கடைசியாகப் பூட்டிய இடத்தை மட்டுமே சொல்கிறது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் கம்பெனியின் சிப் ஆலை தீப்பிடித்தது. டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் சிப்புகள் அங்கே தயாராகிவந்தன. பல நாடுகளின் ஆடியோ கம்பெனிகள் சிப் கிடைக்காமல் தவித்து, வேறு சிப்புக்கு ஏற்றபடி சர்க்யூட் போர்டையே மாற்றி வரைந்தன. பெட்டியில் எந்த நாட்டின் பெயர் இருந்தாலும், உள்ளே இருந்தது ஜப்பான் சிப்.

ஜப்பானின் நற்பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பான் பொருள் என்றால் மலிவுச் சரக்கு என்று மேற்கில் நினைத்தார்கள். 1950-ல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் அங்கே போய், பீஸுக்குப் பீஸ் வரும் வேறுபாட்டை எப்படி அளப்பது, அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்துக் குறைப்பது என்று பாடம் நடத்தினார். ஜப்பானியப் பொறியாளர்கள் அதை உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். இருபது, முப்பது ஆண்டுகளில் பெயர் தலைகீழானது. இன்று நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டுகிறார்கள். அதே வரைபடம், அதே சோதனை என்பதால்தான் அது உலகம் முழுக்க விற்கிறது.

சரி, பெயரைப் பார்த்ததும் ஒலியே நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறதே? அந்த அனுபவம் பொய்யில்லை, ஆனால் அதைத் தருவது கண். 1994-ல் ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது மதிப்பெண்கள் மாறின. ஒலியில் பழுத்த அனுபவம் உள்ளவர்களும் இதற்குத் தப்பவில்லை.

சென்னையில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்: வெயிலும் ஈரக்காற்றும். ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். 85 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர், 65 டிகிரிச் சூட்டில் சுமார் 8000 மணி நேரம் ஓடும். தினம் ஐந்து மணி நேரம் பாட்டுக் கேட்டால் நாலரை வருஷத்துக்கும் குறைவு. 105 டிகிரியில் அதே 2000 மணி நேரம் தாங்கும் வகையைப் போட்டிருந்தால் 32,000 மணி நேரம், அதாவது பதினேழு வருஷத்துக்கு மேல். கோனின் விளிம்பில் இருக்கும் ஃபோம் வளையமும் ஈரத்தில் மெல்ல மெல்ல நொறுங்கும், ரப்பர் வளையம் அதைவிட நெடுநாள் நிற்கும். எந்த வளையம் என்பது வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். கெபாசிட்டரின் டிகிரி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ட்வீட்டர் போனால் அதே மாடல் ட்வீட்டர் இங்கே கிடைக்குமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.