அடைப்புக்குறியை விரல் வைத்து எண்ணாதீர்கள்

கும்பகோணத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கமிருந்து வருகிறவர்கள். கணக்கில் கெட்டி. ஆனால் அடைப்புக்குறி சரியில்லை என்று பிழை வந்துவிட்டால் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குத்தான் எடிட்டர், அதாவது புரோகிராம் எழுதப் பயன்படும் மென்பொருள், இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

விம் என்ற எடிட்டரில் ஒரு அடைப்புக்குறிமேல் கர்சரை வைத்து சதவீதக் குறியைத் தட்டினால் போதும், அதன் ஜோடிக்குத் தாவிவிடும். விஎஸ் கோடு என்ற இன்னொரு எடிட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பின்சாய்வுக்கோடு மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அடுக்குக்கு அடுக்கு நிறம் மாற்றிக் காட்டும் வசதியும் 2021-இல் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

எடிட்டருக்கு இதெல்லாம் சுலபமான பகுதி. திறக்கும் குறி வந்தால் ஒன்று கூட்டு, மூடும் குறி வந்தால் ஒன்று கழி, அவ்வளவுதான். சிக்கல் மேற்கோள்குறியில் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்து எடைக் கணக்குக்காக ஒரு மாணவி எழுதிய வரி இது (பைத்தான் 3 என்ற புரோகிராமிங் மொழி தமிழ்ப் பெயர்களை ஏற்கும்):

எழுது("மூட்டை (40 கிலோ", எடை(வரவு[0]))

வளைந்த குறி திறப்பது மூன்று, மூடுவது இரண்டு. ஒன்று குறைகிறதே என்று கடைசியில் இன்னொன்றைச் சேர்த்தாள், ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் நின்றுபோனது. 40-க்கு முன்னால் இருப்பது வெறும் எழுத்து, கணக்கில் வராது. விஎஸ் கோடு இதைச் சரியாகவே ஒதுக்கிவிடும். விம்மின் சதவீதக் குறியோ, இரட்டை மேற்கோளைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளும், ஒற்றை மேற்கோளுக்குள் நீளமான வாசகம் இருந்தால் தடுமாறும். பைத்தான்காரர்கள் ஒற்றை மேற்கோளை நிறையவே போடுவார்கள், அதனால் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஏன் இப்படி? அடைப்புக்குறியைப் பார்த்தாலே திறக்கிறதா மூடுகிறதா என்று தெரிந்துவிடும். நேரான மேற்கோளுக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம். கர்சர் உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று சொல்ல, முன்னாலிருந்து படித்துக்கொண்டு வந்தாக வேண்டும். விம்மில் வளைந்த குறிக்குள் இருப்பதை அழித்து மாற்றும் கட்டளை பல வரி தாண்டியும் வேலை செய்யும், மேற்கோளுக்கான அதே கட்டளை ஒரு வரியைத் தாண்டாது. காரணம் இதுதான். ட்ரீ-சிட்டர் போன்ற கருவிகள் புரோகிராம் முழுவதையும் இலக்கணப்படி படித்து மரம்போல் கிளை கிளையாகப் பிரித்து வைத்துக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. நியோவிம், 2023-இல் வந்த இமேக்ஸ் 29 ஆகிய இரண்டு எடிட்டர்களிலும் ட்ரீ-சிட்டர் உண்டு.

அப்புறம், பிழைச் செய்தி காட்டும் வரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய பைத்தானில் மூடாத குறி ஒரு வரியில் இருக்கும், குற்றம் அடுத்த வரிமேல் விழும். 2021-இல் வந்த 3.10 முதல் எந்தக் குறி மூடப்படவில்லை என்று அதையே சுட்டிக்காட்டுகிறது. கல்லூரி லேபில் பழைய பதிப்பு இருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

புரோகிராமை வேர்டு கோப்பில் ஒட்டி நண்பருக்கு அனுப்புவதையும் விடுங்கள். அங்கே எதையாவது திருத்தித் தட்டினால் வேர்டு நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது, பைத்தானுக்கு அது மேற்கோளே இல்லை. கோப்பை அப்படியே இணைத்து அனுப்புங்கள்.