கடற்கரை அமைதியாக இருக்கிறது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்

பயணக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பரிசீலிப்பது என் வேலை. அரசியல் குழப்பம் நடந்த நாட்டிலிருந்து திரும்பியவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: "நாங்கள் தங்கியிருந்த கடற்கரையில் எந்தப் பிரச்சினையும் இல்லை." போன வாரமும் அப்படி ஒன்று வந்தது.

ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. மூன்று மாதத்துக்குக் கடலோர வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தலைநகரில் வாரக்கணக்கில் போராட்டம். விமானங்கள் ஓடும்போதே கிளம்பிவிடுங்கள் என்று அவர்களுடைய நாட்டு அரசு அறிவித்தது. மூன்று மாத வாடகையையும் கட்டியாயிற்றே என்று இருந்துவிட்டார்கள். அப்புறம் விமான நிலையம் மூடப்பட்டது, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது. கடைசியில் பல மடங்கு விலை கொடுத்து, வேறு நகரம் வழியாகச் சுற்றி வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தச் செலவில் எதையும் தர இயலாது என்று நான் எழுத வேண்டியிருந்தது. பாலிசியின்படி அது சரியான முடிவுதான். ஆனால் அப்படிப்பட்ட கடிதத்தை இன்னொருவருக்கு எழுத எனக்கு மனமில்லை.

"கலவரம் தலைநகரில்தானே, நாம் எங்கோ தள்ளி இருக்கிறோம்" என்ற நம்பிக்கையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். தொலைவைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை. நீங்கள் வெளியேறும் வழி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கிலிருந்து புக்கெட் சாலை வழியே 800 கிலோமீட்டருக்கு மேல். 2008 ஆகஸ்ட் இறுதியில் அரசை எதிர்த்த போராட்டக்காரர்கள் புக்கெட், கிராபி, ஹாட் யாய் விமான நிலையங்களுக்கே வந்து அவற்றை முடக்கினார்கள். தலைநகரின் சண்டை கடற்கரையின் வாசலுக்கு நேராக வந்தது. அதே ஆண்டு நவம்பர் 25 இரவு பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையமும் அவர்கள் வசமானது. டிசம்பர் 3 வரை வழக்கமான போக்குவரத்து இல்லை. லட்சக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். பட்டாயாவுக்கு அருகிலிருக்கும் ஊ-தப்பாவ் என்ற கடற்படை விமானத் தளம் வழியாகப் பலரை வெளியே அனுப்பினார்கள். அத்தனை கூட்டத்தைத் தாங்கும் வசதி அங்கே கிடையாது.

பட்டாயாவாவது அமைதியான இடமா? 2009 ஏப்ரல் 11 அன்று அங்கே ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பின் மாநாடு நடக்கவிருந்த கடலோர விடுதிக்குள் போராட்டக்காரர்கள் புகுந்தார்கள். மாநாடு ரத்தானது, தலைவர்கள் சிலரை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பினார்கள். நாட்டின் பணமும் உலகத்தின் பார்வையும் குவியும் இடம் என்பதால்தான் போராட்டங்கள் சுற்றுலாத் தலங்களைத் தேடி வருகின்றன. பயணிகள் மேல் கோபம் இருக்க வேண்டும் என்றில்லை.

போராட்டம் உங்கள் பக்கம் வரவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். 2022-இல் இலங்கையின் தென்கரைச் சுற்றுலாக் கடற்கரைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. மிரிஸ்ஸாவிலும் உனவட்டுனவிலும் கடல் எப்போதும்போல இருந்தது. ஆனால் மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. ஏப்ரல் 1 அவசரநிலை, 2-ஆம் தேதி மாலையிலிருந்து 36 மணி நேர ஊரடங்கு, 3-ஆம் தேதி சமூக ஊடகங்களுக்குத் தடை. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவை வாகனங்கள் தவிர மற்றவற்றுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. கட்டுநாயக்க விமான நிலையம் திறந்திருந்தும் அங்கே போய்ச் சேர வண்டிக்கு டீசல் வேண்டுமே! பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட தீவான நியூ கலிடோனியாவில் 2024 மே மாதக் கலவரத்தின்போது சாலையே தடையானது. தலைநகர் நூமேயாவிலிருந்து விமான நிலையம் சுமார் 50 கிலோமீட்டர், வழியெங்கும் தடுப்புகள். மே 14 முதல் பயணிகள் விமானங்கள் நின்றன, ஜூன் 17-இல்தான் மீண்டும் தொடங்கின. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ராணுவ விமானங்கள் வந்து தங்கள் நாட்டவரை ஏற்றிச் சென்றன. அதுவரை கடைகளில் உணவுக்கு நீண்ட வரிசை. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வந்தவர்களும் அதில் நின்றார்கள்.

"விடுதிக்காரர் பயப்பட வேண்டாம் என்றாரே" என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. தன் தெருவைப் பார்த்துச் சொல்கிறார், அந்தத் தெரு உண்மையிலேயே அமைதியாக இருக்கிறது. அவருடைய பிழைப்பும் நீங்கள் அங்கே தங்குவதை நம்பியிருக்கிறது. மீன்பிடிப் படகுக்காரர், சாப்பாட்டுக்கடை அம்மா எல்லோரும் அன்பாகத்தான் "இருங்கள்" என்பார்கள். அவர்களுக்கு அது சொந்த ஊர். மொழி தெரியும், உறவினர் உண்டு, விசா முடியாது. உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர்களைக் கேளுங்கள், ஆனால் முடிவை அவர்களிடம் விடாதீர்கள்.

நீண்ட நாள் தங்குபவர்களிடம்தான் இந்த மெத்தனம் அதிகம். பத்து நாள் பயணி செய்தியைப் பார்த்ததும் டிக்கெட்டை மாற்றுகிறார். மூன்று மாதம் தங்கியவருக்கு ஊர் பழகிவிடுகிறது. போராட்டச் செய்தியும் பழகிவிடுகிறது. தினமும் கேட்கும் செய்தி ஒரு நாள் வேறு மாதிரி மாறுவதை அவர் கவனிப்பதில்லை.

இப்போது காப்பீடு. இதைப் படித்துவிட்டு உங்கள் பாலிசியைக் கையில் எடுங்கள். ஆண்டு முழுவதற்குமான பாலிசிகளில் ஒரு பயணம் இத்தனை நாளுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருக்கும். 30, 45, 60 என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். நீங்கள் மூன்று மாதம் தங்கினால், அந்த வரம்புக்குப் பிறகு உங்களிடம் காப்பீடே இல்லாமல் போகலாம். எங்கள் மேசைக்கு வந்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது, அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது. அடுத்தது விலக்குகள் பகுதி. போர், உள்நாட்டுக் கிளர்ச்சி, ராணுவப் புரட்சி, கலவரம் ஆகியவற்றால் வரும் இழப்பைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. சில, மருத்துவச் செலவை மட்டும் ஏற்கும். குழப்பம் செய்தியில் வந்த பிறகு வாங்கிய பாலிசி அந்தக் குழப்பத்துக்கு உதவாது. தெரிந்த நிகழ்வு என்று ஒதுக்கிவிடுவார்கள். போகாதீர்கள், கிளம்புங்கள் என்று உங்கள் அரசு அறிவித்த பிறகும் இருந்தால், பாதுகாப்பாக வெளியேற்றும் வசதி இருக்கும் பாலிசிகூடக் கைவிடும். அறிவிப்பு வந்து சில நாட்களுக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக அதில் இருக்கும்.

அரசு விமானம் அனுப்பி இலவசமாகக் கூட்டிவரும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகள் பொதுவாகச் செலவைப் பிறகு திருப்பித் தருவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஏற்றும். யாருடன் பயணம் பதிவு செய்தீர்கள் என்பதும் முக்கியம். மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் தேர்தலில் தோற்ற அதிபர் பதவி விலக மறுத்து 2017 ஜனவரி 17 அன்று அவசரநிலை அறிவித்தார். பிரிட்டன் தன் பயண அறிவுரையை மாற்றியது. தங்குமிடத்தோடு சேர்த்து முழுப் பயணமாக வந்தவர்களைச் சுற்றுலா நிறுவனங்கள் சிறப்பு விமானங்களில் உடனே ஏற்றிச் சென்றன. டிக்கெட் மட்டும் வாங்கியவர்கள் கிடைத்த இருக்கைக்குக் காத்திருந்தார்கள். சில நாட்களிலேயே அதிபர் நாட்டை விட்டுப் போனார், பெரிய சண்டை நடக்கவில்லை. கிளம்பாமல் இருந்தவர்களும் நலமாகவே இருந்தார்கள். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு என்னிடம் வாதாடுபவர்கள் உண்டு. ஜனவரி 18 அன்று அது அப்படி முடியும் என்று யாருக்குத் தெரியும்?

போராட்டத்தை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போகாதீர்கள். நேரலை போடாதீர்கள். 2010-இல் பாங்காக் மோதல்களில் ஜப்பானியக் கேமராமேன் ஒருவரும் இத்தாலியப் புகைப்படக்காரர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தொழில்முறைச் செய்தியாளர்கள். 2022 ஆகஸ்டில் இலங்கைப் போராட்டத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதிவந்த பிரிட்டிஷ் பெண்ணின் விசாவை அந்நாட்டு அரசு ரத்து செய்து வெளியேறச் சொன்னது. போராட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம். உங்கள் விசா அதற்கு இடம் தராது, பாலிசியும் தராது.

விசா தேதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். குடிவரவு அலுவலகம் இயங்காத வாரத்தில் உங்கள் கெடு முடிந்தால் அபராதம் உங்களுக்குத்தான். தாய்லாந்தில் அது நாளுக்கு 500 பாட் என்ற கணக்கில் 20,000 பாட் வரை போகும். நீண்ட காலம் தாண்டினால் மீண்டும் நுழையவே தடை வரும்.

மாத்திரைகளைத் தங்கும் நாட்களுக்கு மேல் இன்னும் ஒரு மாதத்துக்குச் சேர்த்து, மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். அந்த நாட்டில் அவற்றுக்கு அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள். சில நாள் செலவுக்கான ரொக்கத்தை உள்ளூர்ப் பணமாகத் தனியே வையுங்கள், மின்சாரம் இல்லாத ஊரில் அட்டை வேலை செய்யாது. பாலிசி எண், அவசர உதவி எண், தூதரக எண் மூன்றையும் காகிதத்தில் எழுதுங்கள். போய் இறங்கியதும் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். ஊரடங்கு நேரத்தில் விமான நிலையம் போக நேர்ந்தால் கடவுச்சீட்டும் அச்சிட்ட டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். 2014-இல் தாய்லாந்திலும் 2022-இல் இலங்கையிலும் பயணிகளுக்கு வழிவிட்டது அவற்றைப் பார்த்துத்தான்.

கிளம்பும் முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஊரடங்கு அறிவித்தால் போவோம், விமானங்கள் குறைந்தால் போவோம், அரசு சொன்னால் மறுநாளே போவோம் என்று ஏதோ ஒன்று. வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்து, பிள்ளைகளிடமோ உடன்பிறந்தவரிடமோ சொல்லிவையுங்கள். அந்த நாள் வந்து அவர்கள் அழைத்தால் மறுத்துப் பேசாதீர்கள். கட்டிய வாடகை போய்விட்டது, அதைக் காப்பாற்ற அங்கேயே இருக்க வேண்டாம்.

மாட்டிக்கொண்ட பிறகு இதைப் படிக்கிறவர்கள் புது டிக்கெட் வாங்கும் முன் காப்பீட்டு அவசர எண்ணை அழையுங்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விமானம் ரத்தானதற்கான கடிதத்தை விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள், எல்லா ரசீதையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இவை இல்லாமல் வரும் க்ளெய்முக்கு நான் எவ்வளவு விரும்பினாலும் பணம் ஒதுக்க முடியாது.