டிபென்டன்ட்: சார்ந்திருக்கும் பிள்ளை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் செவிலியர் பணிக்கோ கணினி வேலைக்கோ ஒருவர் வெளிநாடு கிளம்பினால், அடுத்து எழும் பேச்சு டிபென்டன்ட் விசா, அதாவது அவரை நம்பி வாழும் குடும்பத்தாருக்கான விசா. பெற்ற பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம் என்பது வீட்டுக் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு.

டிபென்டன்ட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘தே’ என்றால் கீழ்நோக்கி, ‘பெந்தெரே’ என்றால் தொங்குதல். இரண்டும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன. ஒன்றைப் பற்றித் தொங்குவது என்ற பொருள், ஒருவரை நம்பிப் பிழைப்பது என்று விரிந்தது. கழுத்துச் சங்கிலியின் பென்டன்ட்டும் கடிகாரத்தின் பெண்டுலமும் இதே வேரில் பிறந்தவை.

குடியேற்றச் சட்டம் இந்த நம்பியிருத்தலை வயதாலும் மணமாகாமையாலும் அளக்கிறது. கனடாவில் 22 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளை டிபென்டன்ட். 2017 அக்டோபர் 24-க்கு முன் இந்த வரம்பு 19. உடல் அல்லது மனநலக் குறையால் 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோர் செலவில் வாழ்பவருக்கு வரம்பு தளர்கிறது. அமெரிக்காவில் 21. விண்ணப்பம் கிடப்பில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழிக்க, 2002-இல் வந்த சட்டம் சில பிரிவினருக்கு இடம் தருகிறது. ஆஸ்திரேலியாவின் 101 எண் பிள்ளை விசா 18 வயதுக்கு உட்பட்டவருக்கு உரியது. அதைக் கடந்தவர் 25 நிரம்பாத முழுநேர மாணவராகவும் பெற்றோர் பணத்தில் வாழ்பவராகவும் இருக்க வேண்டும். உடற்குறையால் உழைக்க இயலாதவருக்கு விலக்கு உண்டு. படிப்பை முடித்து முழுநேர வேலையில் சேர்ந்த மகள், பெற்றோர் வீட்டிலேயே உண்டு உறங்கினாலும், இந்தப் பிரிவில் வரமாட்டார்.

தமிழில் டிபென்டன்ட்டை ‘வாரிசு’ என்று எழுதுவதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ‘வாரிஸ்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த வாரிசு, உடைமைக்கு உரியவரைக் குறிப்பது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்குச் சட்டப்படி உரியவர்கள் யார் என்பதைச் சொல்வது. கருணை அடிப்படையில் தரும் அரசுப் பணியை ‘வாரிசு வேலை’ என்று பேசிப் பழகியதும் குழப்பத்தைக் கூட்டிவிட்டது. மணமாகி நாற்பது வயதான மகள் வாரிசுதான், ஆனால் டிபென்டன்ட் அல்லர். கனடாவின் சட்டப்படி மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை டிபென்டன்ட் ஆகலாம். அதனாலேயே அவன் கணவரின் வாரிசு ஆகிவிட மாட்டான். தவறான சொல்லை நம்பி, படிப்புச் சான்றும் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கும் திரட்ட வேண்டிய நேரத்தில் வாரிசுச் சான்றுக்கு அலைவது எத்தனை வீண் உழைப்பு!

நம்மிடமே பொருத்தமான வேர் இருக்கிறது: சார். கெட்டார்க்குச் ‘சார்வாய்’ நிற்கும் மழை என்கிறது குறள். அங்கே சார்வு என்றால் துணை. சிலர் ‘சார்பாளர்’ என்கிறார்கள். ‘சார்பாக’ என்று நாம் நாள்தோறும் எழுதுவதால், அது பிறருக்காகப் பேச வந்தவரைப் போல ஒலிக்கிறது. ‘சார்ந்திருப்பவர்’ சற்று நீளம்தான், பொருள் பிசகாது.

அதேபோல ‘குழந்தை’யும் வேண்டாம். இருபத்து நான்கு வயது மாணவரைக் குழந்தை என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். ‘பிள்ளை’ வயதைக் கேட்காமல் உறவைச் சொல்லும். உறுதிமொழிப் பத்திரத்தில் இப்படி எழுதலாம்: ‘இவர் என் மகள், வயது 20, மணமாகாதவர், கல்லூரியில் முழுநேரம் படிப்பவர், படிப்புக்கும் பிழைப்புக்கும் என்னைச் சார்ந்திருக்கும் பிள்ளை.’