நமக்கு மழை வருமா, வராதா?

கோலாலம்பூரின் செந்தூலில் அம்மா துணி காயப்போடும் முன் தவறாமல் கேட்பார்: "தினமும் இடி மழைன்னுதான் சொல்றாங்க. நமக்கு வருமா, வராதா?" நியாயமான கேள்வி.

இடி மழைக்குத் தரையருகே ஈரம் வேண்டும், மேலே போகப் போகக் காற்று வேகமாகக் குளிர வேண்டும், அப்புறம் காற்றை மேலே தள்ளிவிட ஏதாவது வேண்டும். முதல் இரண்டுக்கும் கோலாலம்பூரில் பஞ்சமில்லை. காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சிப்பாங்கிலிருந்து ஒரு பலூன் கருவியோடு ஏறி வெப்பம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் அளந்து அனுப்பும். எரிபொருள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். தீக்குச்சி எங்கே உரசும் என்பது தெரியாது.

பெரும்பாலும் அந்த உரசல் மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடல்காற்றால் நடக்கிறது. மதிய வெயிலில் சூடேறிய நகரக் காற்றையும் தித்திவங்சா மலைச்சரிவையும் அது எங்கே முட்டுகிறதோ, அங்கே மேகம் கிளம்பும். சில கிலோமீட்டர் தள்ளி முட்டினால் செந்தூலில் கொட்டும், பிரிக்பீல்ட்ஸில் வெயிலடிக்கும். ஆகவே தினமும் இடி மழை என்று சொல்வது தவறில்லை.

சரி, எந்த மழை ஆபத்தானது? கொட்டும் நீர் தன்னோடு காற்றையும் கீழே இழுக்கிறது. வழியில் துளிகள் ஆவியாகி அந்தக் காற்றைக் குளிரவைக்க, கனத்துப்போன காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மரங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் இதுதான். 2024 மே 7 அன்று பலத்த காற்றும் மழையுமாக இருந்தபோது சுல்தான் இஸ்மாயில் சாலையில் ஒரு பெரிய மரம் விழுந்தது. ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் நசுங்கின.

நம் ஊரில் உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் அதிகம் மாறுவதில்லை. அதனால் மழை தான் ஏறிவந்த வழியிலேயே விழுந்து, மேகத்தை மேலே தூக்கும் காற்றை அணைத்துவிடும். ஒரு மேகத்துக்கு ஆயுள் ஒரு மணி நேரம்கூட இருக்காது. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் புயல்வரிசை வேறு ரகம். முன்னே பாயும் குளிர்காற்றே புதிய மேகங்களை எழுப்பிக்கொண்டு நீரிணையைத் தாண்டிவிடும்.

மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால் வானிலைத் துறை எச்சரிக்கை விடும். அந்த எச்சரிக்கையும் ஒரு தடவைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் செல்லாது.

அம்மாவுக்கு ராடார் படம் பார்க்கத் தெரியாது. புழுக்கத்துக்கு நடுவே சில்லென்று ஒரு காற்று வீசி, கொடியில் கிடக்கும் கைலி ஒரே பக்கமாகப் படபடத்தால், கூடையோடு ஓடுவார். எங்கோ கொட்டும் மழையின் அந்தக் குளிர்காற்றுதான் அது.