ஹைட்ராலிக்: நீரும் இல்லை, இயலும் இல்லை

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வண்டிப் பட்டறை. பயிற்சிக்கு வந்த தம்பி நீட்டிய குறிப்பில் இப்படி இருந்தது: ‘நீரியல் அழுத்தம் பின்னோக்குக் கியரை ஈடுபடுத்துகிறது.’

“அண்ணே, கியர்பாக்ஸ்ல தண்ணி எங்க இருக்கு?”

‘ஹைட்ராலிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இப்படி ‘நீரியல்’ என்று எழுதியதைப் பார்ப்பது இந்த மாதம் எனக்கு மூன்றாவது முறை.

ஹைட்ராலிக்கின் வேர் கிரேக்கம். ஹூடோர் நீர், ஆவ்லோஸ் குழல். நீரின் அழுத்தத்தால் ஊதிய பழைய இசைக்கருவி ஒன்றின் பெயர். அவ்வளவுதான்.

“வேரிலேயே நீர் இருக்கிறதே” என்பார்கள். இருக்கட்டும். 1795இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய அழுத்தப்பொறியில் தண்ணீர்தான். ஆட்டோ கியர்பாக்ஸில் ஓடுவதோ எண்ணெய், பெரும்பாலும் சிவப்பு. லீவரை ‘ஆர்’க்கு மாற்றினால் உள்ளே வால்வு நகர்ந்து, பம்பு அழுத்தித் தரும் எண்ணெய்க்கு வேறு வழி திறக்கும். அது பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் கிளட்ச் தட்டுகளை இறுக்கும். பல வண்டிகளில், நடுச்சக்கரத்தைச் சுற்றி நிற்கும் கோள் பற்சக்கரங்களைச் சுமக்கும் சட்டத்தை இன்னொரு பிடி அசையாமல் நிறுத்த, வெளிவளையம் எதிர்ப்பக்கம் சுழலும். வண்டி ‘கோஸ்தான்’, அதாவது பின்னால் போகும். இதில் நீர் புகுந்தால்? ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி, கூலண்ட் கலந்த எண்ணெயை வடித்துப் பார்த்திருக்கிறேன். அசல் சிராப் பண்டுங் நிறம், அதாவது ரோஜா சிரப்பும் பாலும் கலந்த பானத்தின் இளஞ்சிவப்பு. தட்டுகளின் உராய்வுப் பூச்சு உரிந்து கையோடு வந்தது. கியர்பாக்ஸைக் கொல்லும் பொருளின் பெயரையா அதை இயக்கும் விசைக்கு வைப்பது?

போதாக்குறைக்கு, நீரியல் என்பது மழையையும் ஆற்றையும் நிலத்தடி நீரையும் ஆராயும் துறை. அந்தப் பெயர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

‘எண்ணெய் அழுத்தம்’ என்றால் இஞ்சின் ஆயில் நினைவுக்கு வரும். பிரேக்கில் ஓடுவது எண்ணெயும் அல்ல, பெரும்பாலும் கிளைக்கால் (glycol) வகை வேதித் திரவம். ‘திரவ அழுத்தம்’ புரியும். வடசொல் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் நல்ல தமிழ்ச்சொல் பக்கத்திலேயே நிற்கிறது: நீர்ம அழுத்தம். நீர், எண்ணெய், தேன் எல்லாமே நீர்மம்தான்.

அந்த ‘ஈடுபடுத்துகிறது’ வேறு. கியர் என்ன கோயில் திருப்பணியிலா ஈடுபடுகிறது? கியர் விழும். விழாவிட்டால் “ரிவர்ஸ் விழல” என்றுதான் ஊரே சொல்லும். மொழிபெயர்ப்பவர் ஒருநாள் பட்டறையில் நின்றிருந்தால் காதில் விழுந்திருக்கும்.

ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘நீர்ம அழுத்தத்தால் பின்கியர் விழுகிறது.’

தம்பி படித்துப் பார்த்தான். “பின்கியர் எதுக்குண்ணே, கோஸ்தான்னே போட்டுடலாமே?”

கப்பல்காரர்களின் ‘கோ ஆஸ்டர்ன்’ மலாயில் உருமாறி வந்த சொல் அது. அதை அவனிடம் சொல்லி முடிப்பதற்குள் தவுக்கே, அதாவது முதலாளி, கூப்பிட்டுவிட்டார்.